ஒன்பதாம் கேள்வி

சேசு மரி சூசை துணை

நாலாம் கட்டைத் தோட்டம், ரிங்லெட்.
6 ஜூலை 1952

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ரோஸ்மேரி வணக்கத்துடன் எழுதுவது.

இன்று முதல் உங்களுக்கு எழுதும் கடிதங்களில் இங்கு நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கடிதம் எழுதுகிறவள் சாட்சி சொல்லுகிறவளுக்குச் சமம் என்று பள்ளியில் மதர் சொன்னார். அதை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் சுகம். தானும் சுகம் என்று எழுதச் சொன்னார் அம்மா. ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேனே. அம்மாவுக்கு இருமல் விடவில்லை. மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறார்.

இப்போது முக்கியமான செய்தி. அம்மா ஆப்பக் கடை போட நினைக்கிறார். போன வருடம் நம் லைன் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள் அல்லவா? இப்போது கேட்டுக்கு முன்னாலேயே சாலைச் சோதனையும் வந்துவிட்டது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிகள், ராணுவக் காவலோடு மலையிறங்கும் கான்வாய் சேரும்வரை அங்கேதான் நிற்கின்றன. டிரைவர்கள் பசியோடு சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பதை அம்மா தினமும் பார்க்கிறார். "ரெண்டு ஆப்பச்சட்டி இருக்கு, கை இருக்கு, பசிக்கிற ஆளும் இருக்கு. இன்னும் என்னா வேணும்?" என்று தோட்டத்து ஆபீஸில் எழுதும் கிராணி தங்கையாவிடம் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "கேளு அற்புதம், சட்டி அடுப்புல ஏறுறதுக்கு முன்னால ஏழு காகிதம் துரை மேசையில ஏறணும்லா" என்றார்.

கடை வந்தால் நான் தானா ராத்தா பள்ளியில் தொடர்ந்து படிக்கலாம். வராவிட்டால் ஜனவரியிலிருந்து எனக்கும் ஒரு கொழுந்துக் கூடை. அம்மா இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அப்பா லாரி விபத்தில் போனபின் அம்மா ஒருவர் சம்பளத்தில் இவ்வளவு நாள் நான் படித்ததே அதிகம் என்று எனக்கும் தெரியும்.

லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து எழுதுங்கள். எட்டு மணிக்கு லைன் விளக்கை அணைத்துவிடுவார்கள், அதனால் முடிக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரோஸ்மேரி

*

ஈப்போ
17 ஜூலை 1952

அன்புத் தங்கை ரோஸுக்கு அண்ணன் அகஸ்டின் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் நலம். வார்டில் காலை முழுதும் கட்டுக் கட்டி என் விரல்களில் எப்போதும் டிஞ்சர் நாற்றம், அவ்வளவுதான் குறை. அம்மாவைத் தோட்டத்து டிரஸ்ஸரிடம் மார்பைக் காட்டச் சொல். நானும் இந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து ஒரு டிரஸ்ஸராக இன்னும் மூன்று வருடம் ஆகும். அதுவரை இங்கே கொடுப்பது என் சாப்பாட்டுக்கே சரியாகிவிடுகிறது. ஆகவே அந்தக் கடை வந்தாக வேண்டும்.

என் அறையில் தங்கியிருக்கும் சிங்காரம், மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். அவரைக் கேட்டேன். நிலம் தோட்டத்துடையது என்பதால் முதலில் துரையின் கடிதம் வேண்டும். அதை வைத்துக் கடை லைசென்ஸுக்கு விண்ணப்பம். பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். வலை போட்ட அலமாரி, மூடி போட்ட தண்ணீர்ப் பீப்பாய், அம்மாவுக்குக் காய்ச்சல் தடுப்பு ஊசி, இதெல்லாம் பார்ப்பார். இவை எந்தக் காலத்திலும் உள்ளவை. இந்த அவசரகாலத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது, உணவு அனுமதி. வாங்கும் அரிசியும் விற்கும் ஆப்பமும் ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். யார் தின்றார், அவருடைய அடையாளக் கார்டு எண் என்ன, எத்தனை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி மாவு போய்விடக் கூடாதென்று இந்தக் கெடுபிடி. வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோனால் ஜெயில்.

சிங்காரம் சொன்னது இது: "குழம்புல பூச்சி விழுந்து மூடின கடைய நான் பாத்ததில்ல தம்பி. புத்தகத்துல விட்ட கட்டத்தால மூடின கடை நெறைய பாத்திருக்கேன்."

அதனால் புத்தகத்தை நீயே எழுது. பக்கங்களுக்கு எண் போடு, கிழித்தால் தெரிய வேண்டும். ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. ஒரு ஆப்பம்கூட விடக் கூடாது. உன்னைப்போல் ஒருத்தி எழுதினால் எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாது.

அம்மாவுக்கு என் அன்பு.
அகஸ்டின்

*

நாலாம் கட்டைத் தோட்டம்
28 செப்டம்பர் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கு இருவரும் நலம். இது பொய்யில்லை, அம்மாவின் இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஏனென்றால் இரண்டு வாரமாக அம்மா மலைக்குப் போகவில்லை. கடை திறந்துவிட்டது!

நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன். துரை கடிதம் கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று, அதில் எட்டு நாள் அவர் ஊரில் இல்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. நானே நிரப்பினேன், பத்துக் கேள்விகள். ஒன்பதாம் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். 'விண்ணப்பதாரரோ, அவருக்காகப் புத்தகம் எழுதுபவரோ, இதற்குமுன் எப்போதாவது பொய்க் கணக்கு எழுதியதுண்டா?' யாராவது உண்டு என்று எழுதுவார்களா? 'இல்லை' என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

சுகாதார இன்ஸ்பெக்டர் பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஊசி போட்ட அன்று அம்மாவுக்குக் கை வீங்கிவிட்டது. வீங்கிய கையோடு மாவாட்டிக்கொண்டே, "ஆப்பம் சுடுறதுக்கு ஊசியா? நல்ல வேள, தோச சுடலாம்னு நெனைக்கல" என்றார்.

ரிங்லெட்டில் ஜப்பார் நானா கடையில்தான் அரிசிக்குப் பதிந்திருக்கிறோம். அவர் எங்கள் அனுமதிச் சீட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க வாப்பா காலத்துல கடை தொறக்க ஒரு பலகையும் ஒரு பிஸ்மியும் போதும். ஒங்கம்மாவுக்கு லைசென்ஸு, பெர்மிட்டு, ஊசி! என்னோட சாப்பாட்டுக் கடைக்குப் போட்டியா வேற வர்றீங்க. அரிசி நான்தான் தரணுமா?" என்றார். ஆனால் நல்ல அரிசியாகவே கொடுத்தார்.

புத்தகம் என் பொறுப்பு. எட்டுப் படி மாவுக்கு இத்தனை ஆப்பம் என்று அதிகாரிகளே அளந்துவைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் மீதி எங்கே என்று கேட்பார்கள். காலையில் பள்ளி லாரி வரும்வரை நான் எழுதுகிறேன், பிறகு அம்மா ஒரு அட்டையில் கோடு போட்டுக் கார்டு எண்களைக் கிராணியிடம் குறிக்கச் சொல்லி வைக்கிறார், மாலையில் நான் ஏற்றிவிடுகிறேன். ஜப்பார் நானாவின் டிரைவர் சலீம், "ஆப்பம் தின்ன மூணு நிமிஷம், பேரு குடுக்க அஞ்சு நிமிஷம். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு எழுதல தங்கச்சி" என்றார்.

நம் பக்கத்து வீட்டு இராசம்மா அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்தான் இப்போது கேட்டில் பெண்களைச் சோதிக்கிறவர். என் பையைத் தினமும் தட்டிப் பார்த்து, "என்னாடி ரோசு, புத்தகமா பாறாங்கல்லா? இத சொமந்தே கூன் விழுந்துடும்" என்பார்.

ஜனவரியில் என் பெயர் பள்ளியில் இருக்கும், அண்ணா.

தங்கை,
ரோஸ்மேரி

*

ஈப்போ
9 அக்டோபர் 1952

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகமறிய ஆவல். உன் கடிதத்தைச் சிங்காரத்துக்கு வாசித்துக் காட்டினேன். ஜப்பார் நானா பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

இத்துடன் ஓர் ஆங்கில அகராதி அனுப்புகிறேன். பழையது, முதுகு கிழிந்தது, ஆனால் சொற்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. டிசம்பர் பரீட்சை முடிந்ததும் உன் மதிப்பெண்களை எழுத வேண்டும்.

புத்தகத்தைப் பற்றி மறுபடி சொல்லுகிறேன் என்று கோபிக்காதே. ஒரு கட்டமும் விடாதே.

அகஸ்டின்

*

நாலாம் கட்டைத் தோட்டம்
4 நவம்பர் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இருவரும் நலம். அகராதி வந்தது. இரவில் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று கல்லறைத் திருநாள். இரண்டாம் தேதி ஞாயிறாகிவிட்டதால் இந்த வருடம் மூன்றாம் தேதி பூசை. அப்பா இருக்கும் கல்லறை இப்போது வேலிக்கு வெளியே போய்விட்டது, பள்ளி லாரி நிற்கும் வளைவுக்குச் சற்றுக் கீழே. மெழுகுவர்த்தி போதும் என்று பங்குச் சாமியார் சொன்னார். அம்மா கேட்பாரா? "வருஷம் பூரா ஊருக்கு ஆப்பம் சுடுறேன், அவருக்கு ஒண்ணு இல்லியா?" என்று முதல் இரண்டு ஆப்பத்தை எடுத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி, வாழையிலையில் கட்டி என்னிடம் கொடுத்தார். நான் அதை அகராதிக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவே வைத்தேன்.

கேட்டில் இராசம்மா அக்கா பையில் கை வைத்ததும் இலை சூடாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். "யாருக்குடி?" என்றார். "அப்பாவுக்கு" என்றேன். சாலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "செத்தவங்களுக்கு எந்தச் சட்டம்? வெச்சிட்டுச் சட்டுனு லாரி ஏறு" என்று பையை மூடிவிட்டார்.

கல்லறையில் வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். மந்திரம் முடிவதற்குள் எறும்பு வந்துவிட்டது. அப்பா எறும்பை விரட்டமாட்டார், ஊதித்தான் விடுவார். நானும் ஊதினேன்.

மாலையில் புத்தகத்தை எழுத உட்கார்ந்தேன். மாவுக் கணக்கில் இரண்டு ஆப்பம் குறைந்தது. விட்டுவிட்டால் கேள்வி வரும், வேறு யார் பெயரிலாவது எழுதினால் பொய். ஆகவே உள்ளதை எழுதினேன்: 'லியோனார்ட், ஆப்பம் 2.' கார்டு எண் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு எண் மறந்துவிடும் என்பதால் சோதனைச் சாவடிகளில் நான்தானே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பேன். 20713. அதையும் எழுதினேன்.

அந்த வரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அப்பாவும் நம் கடையில் சாப்பிட்டார்.

அன்புடன்,
ரோஸ்மேரி

*

ஈப்போ
10 நவம்பர் 1952

ரோஸ்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நலம் விசாரிக்க நேரமில்லை.

அந்த வரியைப் பற்றிச் சொன்னதும் சிங்காரம் எழுந்து நின்றுவிட்டார். இறந்தவர் கார்டு எண் உயிரோடு உலாவினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுப்பார்களாம். அப்பாவின் கார்டை யாரோ காட்டில் வைத்திருக்கிறார், நம் கடை அவருக்குச் சோறு போடுகிறது என்று.

உடனே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. இல்லை, கிழிக்காதே, பக்க எண் இருக்கிறது. அதன்மேல் தேநீரைக் கொட்டு. அந்த வரி நன்றாக ஊறட்டும். அம்மாவிடமும் சொல்லி வை. இராசம்மா அக்கா பெயரை யாரிடமும் எடுக்காதே.

அகஸ்டின்

*

நாலாம் கட்டைத் தோட்டம்
16 நவம்பர் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அம்மாவைப் பன்னிரண்டாம் தேதியே கொண்டுபோய்விட்டார்கள்.

உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி மாதச் சோதனைக்கு வந்தார். புத்தகத்தைப் புரட்டி, சுத்தமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். பிறகு எண்களைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. அம்மா அவருக்காக ஒரு ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தார். அது சட்டியிலேயே கருகியது, எடுக்க விடவில்லை.

அம்மா தானா ராத்தா போலீஸ் காவலில் இருக்கிறார். கடையில் சீல். புத்தகம் அவர்களிடம். தேநீர் கொட்ட ஒன்றுமில்லை.

நான் இராசம்மா அக்கா வீட்டில் படுக்கிறேன். அவர் எனக்குச் சோறு போடுகிறார், ஆனால் என் கண்ணைப் பார்ப்பதில்லை. வந்துவிடுங்கள், அண்ணா.

ரோஸ்மேரி

*

நாலாம் கட்டைத் தோட்டம்
30 நவம்பர் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்பது நாள் காவலில் இருந்தார். இருமல் திரும்பிவிட்டது.

நடந்ததை எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன், அதனால் இதையும் எழுதுகிறேன்.

இருபத்தோராம் தேதி கிராணி தங்கையா என்னைத் தானா ராத்தா போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொன்னேன், இருந்தாலும் தமிழில்தான் கேட்டார்கள். "இந்த லியோனார்ட் எங்கே இருக்கிறார்?" "கல்லறையில்." மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி புத்தகத்தில் அந்த வரியை விரலால் தட்டினார். "அப்படியானால் ஆப்பம் எங்கே போனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கையா கிராணி வெளியே ஒரு நிமிடம் பேச அனுமதி கேட்டார். வராந்தாவில் குனிந்து என் காதருகே சொன்னார்: "புள்ள, நல்லாக் கேட்டுக்க. வெளிய போச்சுன்னு சொன்னா ஒங்கம்மாவும் உள்ள, கேட்டுல விட்ட இராசம்மாவும் உள்ள. அவளுக்கு மூணு புள்ளைங்க. நீயே வீட்டுல தின்னுட்டேன்னு சொல்லு. வெளையாட்டுக்கு அப்பா பேர எழுதுனேன்னு சொல்லு. புத்தகம் பொய்யின்னா லைசென்ஸ் மட்டும்தான் போகும்."

"ஆனா புத்தகம் பொய்யில்ல, கிராணியாரே."

"தெரியும்மா" என்றார். கதவைத் திறந்து பிடித்தார்.

உள்ளே போனேன். நானே தின்றேன் என்றேன். என்ன ருசி என்றுகூட மொழிபெயர்ப்பாளர் கேட்டார். தேங்காய்ப்பால் என்றேன். தட்டச்சடித்த தாளில், 'நான் பொய்க் கணக்கு எழுதினேன்' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து என்று அதிகாரி சொன்னார்.

அம்மாவை அன்று மாலையே விட்டார்கள். லைசென்ஸ் ரத்து. ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. லாரியில் வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆப்பச்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தார்.

தங்கை,
ரோஸ்மேரி

*

ஈப்போ
11 ஜனவரி 1953

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இங்கே டிசம்பர் முழுதும் மழை, வார்டில் படுக்கை போதாமல் தரையில் பாய் போட்டோம்.

நடந்ததில் உன் தவறு எதுவும் இல்லை. ஒரு கட்டமும் விடாதே என்று திரும்பத் திரும்ப எழுதியவன் நான்.

அம்மாவுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், உணவுக்குப் பின் கொடு. பள்ளி திறந்திருக்குமே? எந்த வகுப்பில் உட்காருகிறாய்? பரீட்சையில் எத்தனை? விவரமாக எழுது.

அகஸ்டின்

*

நாலாம் கட்டைத் தோட்டம்
22 பிப்ரவரி 1953

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு மருந்தால் சற்றுத் தேவலை.

இங்கே காலைப் பனி அதிகம். ஆறரை மணிக்குத் தேயிலைச் செடிகளின்மேல் நிற்கும் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று உங்களுக்கு மறந்திருக்கும். செடிக்குள் நான்கு அடி வைப்பதற்குள் இடுப்புவரை நனைந்துவிடும். பத்து மணிக்கு வெயில் வந்தால் எல்லார் பாவாடையிலிருந்தும் ஆவி கிளம்பும். இரண்டு இலை ஒரு மொட்டு, அதற்குக் கீழே போனால் கங்காணி கூடையைக் கொட்டிப் பார்ப்பார். விரல் நுனியில் ஏறும் கறை சவர்க்காரத்துக்குப் போவதில்லை, எலுமிச்சைக்குக் கொஞ்சம் போகும்.

ஜப்பார் நானா சாலையில் அம்மாவைப் பார்த்து, "போட்டிக் கடை இல்லாம வியாபாரம் ருசிக்கலம்மா" என்றாராம். இராசம்மா அக்கா இன்னும் கேட்டில்தான் இருக்கிறார். போன வாரம் என் தலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார். இப்போது கண்ணைப் பார்க்கிறார்.

அகராதி பத்திரமாக இருக்கிறது.

ரோஸ்மேரி

*

ஈப்போ
19 அக்டோபர் 1953

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நலம். முதல் வருடப் பரீட்சையில் தேறிவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லுகிறேன்.

போன வாரம் ஜப்பார் நானா கண்ணுக்கு மருந்து போட இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒந் தங்கச்சி இப்ப ஆம்பளைங்களுக்குச் சமமா கொழுந்து எடுக்குதுப்பா" என்று பெருமையாகச் சொன்னார். ஜனவரியிலிருந்தாமே. நான் மூன்று கடிதத்தில் பள்ளியைப் பற்றிக் கேட்டேன். நீ பனியைப் பற்றி எழுதினாய், அம்மாவின் மருந்தைப் பற்றி எழுதினாய். அந்தப் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கறை உன் விரலில் என்று புரிந்துகொள்ளாத மடையன் நான்.

உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா? கிடைத்தது. போன நவம்பர் இருபதாம் தேதி மலையடிவாரத்தில் தாப்பா வரை வந்தேன். கான்வாயில் இடமும் இருந்தது. மேலே ஒவ்வொரு சோதனையிலும் கார்டைக் காட்ட வேண்டும், பெயரைக் கேட்பார்கள், காவலில் இருப்பவளின் மகன் என்று தெரிந்தால் படிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். லாரிகள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த பஸ்ஸில் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டேன். நீ தனியாகக் கையெழுத்துப் போட்டாய்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வருடம் முடிகிறது. விண்ணப்பத் தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். மதருக்கும் எழுதினேன். உன் வயதுக்கு இதுதான் கடைசித் தவணையாம், ஜனவரியில் வந்தால் இடம் தருகிறாராம். சீக்கிரம் நிரப்பி அனுப்பு. கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

மன்னித்துக்கொள்.
அகஸ்டின்

*

சேசு மரி சூசை துணை

நாலாம் கட்டைத் தோட்டம்
2 நவம்பர் 1953

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ரோஸ்மேரி வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் இருமலைப் பற்றி நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேறியதைக் கேட்டு அம்மா லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். தாப்பாவைப் பற்றி நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்த இடத்தில் மழையைப் பற்றி ஏதோ வாசித்தேன். எனக்கு இப்போது அது சுலபமாக வருகிறது.

கோபமில்லை, அண்ணா. நீங்கள் வந்திருந்தாலும் நான் அதே இடத்தில்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். பள்ளியைப் பற்றி எழுதாதது உங்களுக்குப் பரீட்சை இருந்ததால். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று கல்லறைத் திருநாள். துரையின் அனுமதியோடு மெழுகுவர்த்தி மட்டும் கொண்டுபோனோம். கேட்டில் இராசம்மா அக்கா என் வெறும் கைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, திருப்பிப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டார். கல்லறையில் எறும்பு எதுவும் வரவில்லை. வருவதற்கு ஒன்றும் இல்லையே.

சாயங்காலம் முதல் உங்கள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டுக் கேள்விகளுக்கு எழுதிவிட்டேன். பத்தாவதும் எழுதியாகிவிட்டது. ஒன்பதாவது மட்டும் மீதி.

பொய்க் கணக்கு எழுதியதுண்டா?

தங்கையா கிராணியிடம் கேட்டேன். "உண்டுன்னு எழுதினா லைசென்ஸ் கெடைக்காது" என்றார். "இல்லன்னு எழுதினா?" "நீ கையெழுத்துப் போட்ட தாளு அவங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. அப்ப பொய்யில்லன்னா, அந்த ஆப்பம் கேட்டு வழியா எப்படிப் போச்சுன்னு இராசம்மாவக் கூப்பிடுவாங்க." கட்டத்தை வெறுமையாக விட்டால் தாளே திரும்பி வந்துவிடும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பதினோரு மாதமாகக் கவிழ்த்து வைத்திருந்த சட்டிகளைக் கடைக்காக நேற்றுத்தான் தேய்த்து வைத்திருந்தார், இன்று அடுப்புக்கு மேலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ளத எழுதிக் கடை போச்சு. இல்லாதத எழுதி நா வீட்டுக்கு வந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, எதுன்னு நான் என்னாத்தச் சொல்ல? எழுதிட்டு வா, சோறு ஆறுது" என்றார்.

பக்கத்து வீட்டில் இராசம்மா அக்கா தன் கடைசிப் பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்தார். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றார். சுவர் வழியாகத் திருத்தினேன், அங்கிருந்து சிரித்தார்கள்.

மதருக்கு நீங்களே எழுதிவிடுங்கள். இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். அகராதியை வைத்துக்கொள்ளலாமா?

ஒன்பதாம் கேள்விக்கு நேரே 'உண்டு' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்தான். மை காய்வதற்குள் லைன் விளக்கை அணைத்துவிட்டார்கள்.